பொறி உழைக்கட்டும், முறை மாந்தனே செய்யட்டும்!

பல்லாண்டுகட்கு முன் எம்மிடம் பயின்ற பெண்ணொருத்தி, கடந்த கோடையில், திருச்செங்கோட்டை அடுத்த சிற்றூரொன்றிலிருந்து எம் இல்லம் தேடி வந்தாள். அவளும் கணவனும் விசைத்தறி ஓட்டுவோர். மகள் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றுக் கல்லூரியில் சேரக் காத்திருந்தாள். அதற்கெனக் கல்விக்கடன் வேண்டித் தாய் மும்முறை விண்ணப்பித்தாள். மும்முறையும் ‘பெயர் பொருந்தவில்லை, ஏற்கப்படவில்லை’ என்னும் ஒற்றை வரி, அதுவும் ஆங்கிலத்தில், அவள் கைப்பேசிக்கு வந்தது. மூன்றாம் முறை வந்த விடை, விண்ணப்பம் விடுத்த சில நொடிகளுக்குள் வந்ததாம். “ஐயா, இதை எந்த மனுசனும் படிச்சுப் பார்த்திருக்க முடியாதுங்களே!” என்றாள். அவள் கூறியது முற்றிலும் உண்மை. அதனை எந்த மாந்தனும் படித்திருக்கவில்லை.

அவள் செய்த பிழை யாது? அவள் பெயரில் ஒரு ழகரம் இருந்தது, அவ்வளவே. தமிழ்ப்பற்று மிக்க தந்தை ஆசையோடு சூட்டிய பெயர் அது. பள்ளிச் சான்றிதழில் அவ்வெழுத்தை ஆங்கிலத்தில் ஒருவகையாய் எழுதினர். ஆதார் அட்டையில் வேறொரு வகையாய் எழுதினர். வங்கி ஏட்டில் மூன்றாவது வகையாய் எழுதினர். அன்றியும் ஓரிடத்தில் தந்தையின் பெயர் முதலெழுத்தாக நின்றது. ஓரிடத்தில் அது முழுப்பெயராக விரிந்தது. பிறிதோரிடத்தில் கணவன் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. ஒரே பெண், மூன்று தாள்களில் மூவராகிவிட்டாள்!

யாம் அவளுடன் அவ்வலுவலகம் சென்றோம். ஓய்வுபெறும் நிலையிலிருந்த எழுத்தர் ஒருவர் மூன்று தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்தார். அவள் முகத்தையும் பார்த்தார். தந்தை பெயரைக் கேட்டார்; ஊரைக் கேட்டார். “மூன்றும் நீதானம்மா” என்றார். நான்கு மணித்துளிகளில் சிக்கல் தீர்ந்தது. விடைபெறுங்கால், அத்திங்கள் இறுதியில் தாம் ஓய்வு பெறுவதாகவும், தம் இடத்திற்கு வேறெவரையும் அமர்த்தப் போவதில்லை எனவும் அவர் கூறினார்.

அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. இவ்வாசிரியவுரை அவ்விரவிற் பிறந்தது.

அப்பெண்ணுக்கு விடையிறுத்தது எது? இரும்பாலான கையும் காலும் உடைய பொறியன்று அது. கணிப்பொறிக்குள் வாழும் உருவற்ற ஏவலாள். ஓர் எழுத்தர் தம் மேசையில் என்னென்ன செய்வாரோ, அவற்றை அவ்வாறே செய்யப் பழக்கப்பட்ட மென்பொருள் அது. அஞ்சலைத் திறக்கும், பற்றுச்சீட்டின் எண்ணை எடுக்கும், கணக்கேட்டில் அதனைப் பதியும், இரண்டு பட்டியல்களை ஒப்பிடும், பொருந்தின் ‘ஆம்’ என்னும், பொருந்தாவிடின் ‘இல்லை’ என்னும். உண்பதில்லை, உறங்குவதில்லை, விடுப்புக் கேட்பதில்லை. 2001இல் இங்கிலாந்தில் தோன்றிய புளூ பிரிசம், 2005இல் உருமேனியத் தலைநகர் புக்கரெசுட்டில் தோன்றிய யூஐபாத் முதலிய நிறுவனங்கள் இவ்வேவலாள்களை உலகெங்கும் விற்று வருகின்றன. இதனை நாம் ‘மென்பொறியன்’ என அழைப்போம். அலுவல்களை இத்தகு மென்பொறியர்களிடம் ஒப்படைப்பதைப் ‘பணித் தன்னியக்கம்’ எனலாம்.

ஆங்கிலத்தார் வழங்கும் ‘ரோபோ’ என்னும் சொல்லின் பிறப்பை ஈண்டு எண்ணிப் பார்த்தல் நலம். கரேல் சாப்பெக் என்னும் செக் நாட்டு எழுத்தாளர் 1920இல் வெளியிட்ட நாடகத்தின்வழி உலகிற்கு வந்த சொல் அது. அவர் மொழியில் ‘ரொபோட்டா’ என்பது கூலியில்லாக் கட்டாய உழைப்பைக் குறிக்கும். நம் சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘வெட்டி’ என வருவதும் அத்தகு உழைப்பே. நம் முன்னோரோ கரும்பு பிழியும் பொறியைக் கழகக் காலத்திலேயே ‘எந்திரம்’ என்றனர். பரமத்தி வேலூர்ப் பக்கம் இன்றும் வெல்லம் காய்ச்சும் ஆலைகளில் அவ்வெந்திரத்தின் வழித்தோன்றல் சுழன்றுகொண்டுதான் இருக்கின்றது. எனவே, பொறி நமக்குப் புதிதன்று. பொறிக்கு நாம் பகைவருமல்லேம். கரும்பை அதனிடம் கொடுத்தோம். சாற்றின் பதத்தை மட்டும் காய்ச்சுபவனின் கண்ணுக்கும் கைக்கும் விட்டோம். இன்றைய வினா, அலுவலகத்தில் கரும்பு எது, பதம் எது என்பதே.

நம் சேலம், நாமக்கல் சமவெளியை எடுத்துக்கொள்வோம். இங்கு ஏடெழுதாத தொழிலே இல்லை. சவ்வரிசி ஆலை, வெள்ளிக் கொலுசுப் பட்டறை, கோழிப்பண்ணை, ஆழ்துளைக் கிணற்று வண்டி, சரக்குந்து நிறுவனம் ஆகிய ஒவ்வொன்றின் பின்னும் ஒரு கணக்கர் அமர்ந்திருக்கின்றார். சேலத்தில் அமர்ந்தவாறே அமெரிக்க மருத்துவமனைகளின் காப்பீட்டுக் கணக்குகளை இரவெல்லாம் சரிபார்க்கும் நம் பிள்ளைகளும் உளர். இவர்கள் எல்லாரின் மேசையருகிலும் மென்பொறியன் வந்து நின்றுகொண்டிருக்கின்றான்.

நாமக்கல்லின் சரக்குந்துத் தொழிலை மட்டும் சற்று உற்றுநோக்குவோம். 50,000 உருபாவிற்கு மேற்பட்ட சரக்கு மாநில எல்லை கடக்க, 2018 ஏப்பிரல் முதல் ‘ஈ-வே பில்’ என்று அனைவரும் சொல்லும் மின்வழிச் சீட்டு வேண்டும். 200 கிலோமீட்டருக்கு ஒருநாள் என்பது 2021 முதல் அதன் கால அளவு. காலம் முடிவதற்கு 8 மணி நேரம் முன்னரோ முடிந்தபின் 8 மணி நேரத்திற்குள்ளோ அதனை நீட்டிக்கலாம், தவறினால் தண்டம். வண்டியெண், சரக்கின் மதிப்பு, வரியெண் ஆகியவற்றைப் பிழையின்றிப் பதிவதும், காலம் முடியுமுன் மணியடித்து நினைவூட்டுவதும் மென்பொறியனுக்குக் கைவந்த கலை. நள்ளிரவில் கண்ணெரிய எண்களைப் படியெடுக்கும் இளைஞனை அவ்வேலையிலிருந்து விடுவித்தல் அறமே. ஆனால், வடக்கே மலைப்பாதையில் மண்சரிந்து இரண்டு நாளாக வண்டி நிற்கின்றது. ஓட்டுநர் காய்ச்சலில் கிடக்கின்றார். சரக்குக்குரியவரோ சினந்து பேசுகின்றார். அவ்வேளையில் ஓட்டுநருக்கு ஆறுதல் கூறி, உரியவரை அமைதிப்படுத்தி, நீட்டிப்புக்குத் தக்க கரணியம் எழுதி, அடுத்த ஊரில் தெரிந்தவரை அழைத்து உணவுக்கும் மருந்துக்கும் வழிசெய்பவர் நாமக்கல்லில் அமர்ந்திருக்கும் அந்தப் பதிவு அலுவலகக் கணக்கரே. முன்னது கரும்பு, பின்னது பதம்.

பொறியைப் பழிப்பது எளிது. ஆனால் எழுத்தர் எல்லாரும் அறவோர் எனச் சொல்ல எம் நா எழவில்லை. கையூட்டின்றிக் கோப்பு நகராத மேசைகளை நாம் அறியாதவரல்லேம். மென்பொறியன் கையூட்டு வாங்குவதில்லை, சாதி கேட்பதில்லை, நாளை வா என்பதில்லை. இவற்றிற்காக அதனை வரவேற்கலாம்.

வேலை பறிபோகும் என்னும் அச்சமும் புதிதன்று. வங்கிகளில் எந்திரமயமாக்கலுக்கு வழிகூறிய அரங்கராசன் குழு 1984இலும் 1989இலும் அறிக்கை தந்தபோது வங்கி ஊழியர் அஞ்சினர். அவ்வச்சம் வீணென்று தள்ளவும் இயலாது; 2000–2001ஆம் ஆண்டுகளில் விருப்ப ஓய்வுத் திட்டத்தின்வழிப் பொதுத்துறை வங்கிகளிலிருந்து ஏறத்தாழ ஓர் இலக்கம் பேர் வெளியேறினர். ஆயினும் இன்று நாம் அஞ்ச வேண்டியது ஊழியர் இழக்கும் கூலிக்காக மட்டுமன்று. மேசைக்கு இப்புறம் நிற்கும் ஏழை இழக்கும் முறைக்காகவும் அஞ்ச வேண்டும்.

உலகம் இதற்கு விலைகொடுத்துப் பாடம் படித்துள்ளது.

ஆத்திரேலிய அரசு, நல்கை பெற்ற எளியோரின் ஆண்டு வருவாயை இருவாரக் கூறுகளாகச் சமமாய்ப் பங்கிட்டு, ‘நீ மிகையாகப் பெற்றுவிட்டாய், திருப்பிக் கொடு’ எனக் கணிப்பொறியின்வழி மடல் விடுத்தது. முன்பு அதனைச் சரிபார்த்த மாந்தக் கண் நீக்கப்பட்டிருந்தது. ஒரு திங்கள் வேலையும் மறு திங்கள் வேலையின்மையுமாக வாழ்பவனுக்கு அக்கணக்கு எங்ஙனம் பொருந்தும்? திட்டம் 2020இல் கைவிடப்பட்டது. 2023 சூலையில் உசாவல் ஆணையம் அதனைக் கடுமையாகக் கண்டித்தது.

பிரித்தானிய அஞ்சல் நிறுவனம் 1999இல் ‘ஒரைசன்’ என்னும் கணக்கு மென்பொருளைக் கொணர்ந்தது. அதன் பிழையாற் கணக்கிற் காணாமற்போன பணத்திற்காகச் சிற்றூர் அஞ்சல் நிலையத்தார் தொளாயிரவர்க்கு மேற்பட்டோர் குற்றவாளிகளாக்கப்பட்டனர். சிலர் சிறையும் புகுந்தனர். இங்கு மாந்தக் கண் இல்லாமலில்லை. தணிக்கையாளர் இருந்தனர், வழக்குரைஞர் இருந்தனர், நடுவர் இருந்தனர். ஆனால் எல்லாரும் பொறி பொய் சொல்லாது என நம்பினர். மாந்தன் சொல்வான் என நம்பினர். 2024 மே திங்களில் தனிச்சட்டம் இயற்றியே அத்தீர்ப்புகளைத் துடைக்க வேண்டியிருந்தது.

தெலுங்கானாவில் 2014 முதல் 2019 வரை 18 இலக்கத்திற்கு மேற்பட்ட குடும்ப அட்டைகள் நீக்கப்பட்டன. பலவகைப் பட்டியல்களைக் கணிப்பொறி ஒப்பிட்டுத் தகுதியற்றவர் எனக் காட்டியோர் அவருள் பலர். 2022 ஏப்பிரலில் உச்ச முறைமன்றம், நீக்கிய அட்டைகளைக் களத்திற்குச் சென்று மீண்டும் சரிபார்க்குமாறு ஆணையிட்டது. களம் என்னும் சொல்லைக் கருதுக. திரையிலன்று, களத்தில்!

பொறி தகுதியுடையோரைத் தள்ளுவதோடு நில்லாது. தகுதியற்றோரை உள்ளேயும் விடும். 2020இல் நம் தமிழகத்திலேயே உழவர்க்கான நடுவணரசு உதவித்தொகைத் திட்டத்தில், உழவரல்லாதார் ஐந்து இலக்கத்திற்கு மேற்பட்டோர் இணையவழி நுழைந்தனர். 110 கோடி உருபா அளவில் முறைகேடு எனத் தெரியவந்தது. களத்தில் ஆளைப் பார்க்காமல் பதிவு செய்ய வழி திறந்திருந்ததும், கடவுச்சொல் பிறர் கைக்குப் போனதுமே கரணியம்.

இனி, மாறான எடுத்துக்காட்டொன்றையும் கூறுவோம். 2023 சூலையில் தருமபுரி மாவட்டத் தொப்பூரில் பதிவு முகாம் தொடங்கி, செப்டம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்த மகளிர் உரிமைத்தொகைத் திட்டத்திற்கு 1 கோடியே 63 இலக்கம் விண்ணப்பங்கள் வந்தன. 1 கோடியே 6 இலக்கம் மகளிர் முதற்கண் தேர்ந்தெடுக்கப்பட்டனர். நிலம், வருவாய், ஆண்டிற்கு 3600 அலகு மின்சாரம் என்னும் அளவைகளைக் கணிப்பொறியில் ஒப்பிடுவது எளிது. ஆனால் ஒரே மின்னிணைப்பில் அண்ணன் தம்பி மூவர் குடித்தனம் நடத்தும் வீட்டை அப்பொறி எவ்வாறு அறியும்? ஏற்கப்படாதவர்க்குக் கரணியம் கைப்பேசியில் தெரிவிக்கப்பட்டது. 30 நாளுக்குள் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்ய வழி வைக்கப்பட்டது. பெருங்கூட்டத்தைப் பொறி சலித்தது. சல்லடையின்மேல் நின்றவரைக் கேட்க ஓர் ஆள் இருந்தார். அமைப்பு என்னும் அளவில் இதுவே நேர்வழி. அவ்வாள் உண்மையாகவே காது கொடுக்கின்றாரா என்பதைக் கண்காணிப்பது மக்கள் கடன்.

ஈண்டு ஒரு நுட்பம் உண்டு. ‘மாந்தனும் பொறியும் இணைந்து பணியாற்றுவர், எளியவற்றைப் பொறி முடிக்கும், அரியவற்றை மாந்தன் முடிப்பான்’ என்று விற்பனையாளர் கூறுவர். கேட்பதற்கு இனிது. ஆனால் எளியவற்றை ஒருபோதும் செய்து பாராதவனுக்கு அரியவற்றைத் தீர்க்கும் அறிவு எங்கிருந்து வரும்? இலிசான் பெய்ன்பிரிட்சு என்னும் ஆங்கிலேய உளவியலறிஞர் 1983இலேயே இம்முரணைச் சுட்டிக்காட்டினார். நாம் மேலே கூறிய முதிய எழுத்தர், பல்லாண்டுகளாக ஆயிரமாயிரம் எளிய தாள்களைப் புரட்டியதாலன்றோ அரிய தாளொன்றை நான்கு மணித்துளியில் தீர்த்தார்? இன்று பணியில் சேரும் இளைஞனிடம் பொறி தள்ளிவிட்ட குப்பைக் குவியலை மட்டும் கொடுத்து, ஒன்றுக்கு இத்தனை மணித்துளி எனக் கணக்கும் வைத்தால், அவன் என் செய்வான்? பொறி சொன்னதன்மேலேயே தன் கையொப்பத்தைப் போடுவான். அஃது இணைந்து பணியாற்றுவதாகாது; பொறியின் கையில் மாந்தன் முத்திரைக் கட்டையாவதேயாகும்!

இனித் தமிழின் இடர்ப்பாட்டிற்கு வருவோம். மேற்கூறிய இழப்புகள் எந்நாட்டார்க்கும் பொது. நமக்கோ மற்றுமொரு சுமை உண்டு. நம் பெயரைப் பொறி நம் எழுத்தில் படிப்பதில்லை. நில ஆவணம் தமிழில் இருக்கும். வருமான வரி அட்டையில் தமிழ் இராது. ஒப்பிடுவது ஆங்கில எழுத்தில். ழகரத்திற்கும் ளகரத்திற்கும் அவ்வெழுத்தில் வேறுபாடு நிற்பதில்லை. தகரத்தை ஒருவன் ஓரெழுத்தாலும் ஒருவன் ஈரெழுத்தாலும் எழுதுவான். குடும்பப் பெயர் என ஒன்றைக் கேட்கின்றது பொறி. சாதிப் பெயரை அறுத்தெறிந்து தந்தை பெயரின் முதலெழுத்தோடு நிமிர்ந்து நிற்கும் தமிழன் அவ்விடத்தை எதனால் நிரப்புவான்? எந்தத் தந்தையர் நம் அறைகூவலைக் கேட்டுத் தம் மக்கட்கு யாழினி என்றும் எழிலன் என்றும் பெயரிட்டனரோ, அவர்தம் மக்களே இன்று ‘பெயர் பொருந்தவில்லை’ என விரட்டப்படுகின்றனர். தமிழ்ப்பெயர் வைத்ததற்குத் தண்டமா?

இது தீராத நோயுமன்று. 2020 சூனில் 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துகளைத் தமிழொலிக்கேற்ப மாற்றும் ஆணை வெளிவந்தது. அதே திங்களில் அது திரும்பப் பெறப்பட்டது. ஆங்கில எழுத்தைத் திருத்திக்கொண்டே இருப்பதால் இச்சிக்கல் தீராது என்பதை அது காட்டிற்று. வேரில் வைத்த தமிழே பயன் தரும். 1999இல் சென்னையிற் கூடிய தமிழிணைய மாநாடு தமிழ் விசைப்பலகையை வரையறுத்தது. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியையும் அனைத்தெழுத்துக் குறியீட்டையும் ஏற்றது. 2021 திசம்பரில் பெயரின் முதலெழுத்தையும் தமிழிலேயே எழுதுமாறு ஆணையிட்டது. கருவி உண்டு, ஆணையும் உண்டு. பெயரைத் தமிழெழுத்தில் பதிந்து தமிழெழுத்தில் ஒப்பிடுமாறு மென்பொறியனுக்குக் கற்பிப்பார்தாம் இல்லை. ஓர் எழுத்து ஆங்கிலத்தில் எத்தனை வகையாய் உருத்திரியும் என்னும் அட்டவணையைத் தமிழாசிரியர் நால்வர் அமர்ந்தால் ஒரு நாளில் எழுதித் தரலாம். கேட்பார் வேண்டுமே!

ஆகவே, அரசையும் வங்கிகளையும் நிறுவனங்களையும் நோக்கி யாம் வலியுறுத்துவன இவை:

ஒன்று: மென்பொறியன் ‘ஆம்’ எனலாம், தனித்து ‘இல்லை’ எனக் கூறும் உரிமை அதற்கு இருத்தலாகாது. தவறான ‘ஆம்’ கருவூலத்திற்கு இழப்பு, அதனை மீட்கலாம். எனவே ‘ஆம்’ என்பனவற்றுள் சிலவற்றை அவ்வப்போது களத்தில் ஆய்ந்தால் போதும். தவறான ‘இல்லை’ ஒரு குடும்பத்தின் உலையை அவிக்கும். ஒரு மகளின் படிப்பை நிறுத்தும். எனவே ஒவ்வொரு ‘இல்லை’யின் கீழும் பெயருடைய மாந்தன் ஒருவன் கையொப்பம் வேண்டும்.

இரண்டு: அவ்வாறு கையொப்பமிடுவோர்க்குப் பொறியின் முடிவை மாற்றும் அதிகாரமும், ஆய்ந்து பார்க்கும் நேரமும், எளிய பணியிலும் பழகிய பயிற்சியும் தரப்படல் வேண்டும்.

மூன்று: கரணியம் தெளிந்த தமிழில் எழுதப்படல் வேண்டும். எந்தத் தாளில் எந்த எழுத்து பொருந்தவில்லை என்பதைச் சுட்டல் வேண்டும்.

நான்கு: தமிழ்நாட்டில் தமிழர் பெயரைத் தமிழெழுத்திலேயே ஒப்பிடல் வேண்டும். 1956இல் நிறைவேறிய ஆட்சிமொழிச் சட்டத்திற்குக் கணிப்பொறி விலக்கன்று.

ஐந்து: பொறியால் மிச்சமாகும் நேரத்தை ஆட்குறைப்பிற்குப் பயன்படுத்தாமல், மக்கள் வந்து நிற்கும் மேசைக்கு ஆளனுப்பப் பயன்படுத்தல் வேண்டும்.

பிறரை நோக்கி வலியுறுத்திவிட்டு நாம் வாளா இருத்தல் தகாது. அன்புடையீர்! நும் மக்கள் பெயரை எல்லா ஆவணத்திலும் ஒரே வகையாய் எழுதுவிக்க இன்றே முனைமின். தமிழ்ப்பெயர் சூட்டும் விழாவில் வாழ்த்துரை வழங்குவதோடு நில்லாமல், அப்பெயர் பிறப்புச் சான்றில் சரியாக ஏறிற்றா என்றும் பார்த்து வருமின். நும் தெருவில் எழுதப் படிக்கத் தெரியாத முதியோர்க்கு வந்த ஒற்றை வரி மறுப்பினை வாங்கிப் படித்து, அலுவலகம் வரை துணை சென்மின். மென்பொருள் பயிலும் தமிழ் இளைஞரே! வெளிநாட்டு மென்பொறியனை இயக்கும் கூலியாளாக மட்டும் நின்றுவிடாமல், ழகரம் அறிந்த மென்பொறியனை நீவிரே ஆக்கித் தருக.

அப்பெண்ணின் மகள் இன்று கல்லூரியிற் பயில்கின்றாள். அம்முதிய எழுத்தர் ஓய்வுபெற்றுவிட்டார். அண்மையில் வேறொரு பணியாக அவ்வலுவலகம் சென்றிருந்தோம். அவர் நாற்காலி வெறுமையாக இருந்தது. அதனருகில் கையில் தாள்களுடன் இருவர், யாரைக் கேட்பதென்று அறியாமல் நின்றுகொண்டிருந்தனர்.

அந்நாற்காலியில் ஆளை அமர்த்துக!